கொதிக்க வைத்த கல்

ஜூன் 2

தம்பிக்கு,

உன் மீன்களுக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் அக்கா எழுதுகிறேன். போனில் பேசிவிடலாம் என்றால், நீ கிரேன் ஓட்டும் அந்த எண்ணெய்க் கிணற்றுக் கடல் மேடையில் இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் மேலதிகாரியின் மேஜை மேல். இங்கே போனை எடுப்பது என் வீட்டுக்காரர், உன் அருமை மாமா. ஆக, எழுதித்தான் தீர வேண்டும்.

முதலில் கெட்ட செய்தி. செவ்வால் மீன் போய்விட்டது. காலையில் எண்ணினேன், ஒன்று குறைந்தது. தொட்டிக்குள் எங்கும் இல்லை. அலமாரிக்குப் பின்னால் காய்ந்த மிளகாய் மாதிரி கிடந்தது. பயந்தால் வெளியே துள்ளிவிடும், மூடியை இறுக்கி வை என்று நீ சொல்லியிருந்தாய். மூடி சரியாகத்தான் இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது எதைப் பார்த்துப் பயந்தது என்பதையும் நான்தான் சொல்லியாக வேண்டும்.

மஞ்சள் மீன் ஒன்று உண்டே, எல்லா மூலையையும் சோதனை போட்டுக்கொண்டே திரிகிறது என்று நான் மேனேஜர் என்று பேர் வைத்தது. அது ஒண்டியாகத் திரிவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மீன் கடைக்காரரிடம் கேட்டேன். "ஜோடி சேத்துவிடுங்கம்மா, நல்லா இருக்கும்" என்றார். அதே மஞ்சளில் இன்னொன்றை வாங்கி வந்து விட்டேன். விட்ட நிமிஷத்திலிருந்து ரகளை. மேனேஜர் வாலடியில் வைத்திருக்கும் அந்தச் சின்னக் கத்தி மாதிரி முள்ளைக் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் போய் மோதுகிறது. புதுசுக்கு விலாவில் கீறல். கோமாளி மீன்கள் இரண்டும் வெளியே தலை காட்டுவதில்லை. அந்தக் கலவரத்தில்தான் செவ்வால் துள்ளியிருக்கும்.

உன் செல்ல மீன் பட்டு இன்னும் இருக்கிறது. ஆனால் வயிறு ஒட்டிப்போயிருக்கிறது. அந்தச் சீமாட்டிக்குத்தான் நாம் போடும் தீனி ஆகாதே. கல்லில் ஊரும் பூச்சிகளைப் பொறுக்கித் தின்றால்தான் அவளுக்குத் தின்ற மாதிரி. அந்தக் கல்லுக்கும் இப்போது வினை வந்திருக்கிறது. பெரிய கல்லின் மேல் பழுப்பு நிறத்தில் பொத்தான் பொத்தானாக ஏதோ படர்கிறது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் குஞ்சம். விரலால் தொட்டால் மூடிக்கொள்கிறது. போன மாதம் ஒரு கை அகலம் இருந்தது, இப்போது கல்லே தெரியவில்லை. பட்டு அந்தப் பக்கம் போவதே கிடையாது.

உன் மாமா தொட்டியைப் பார்ப்பதில்லை. ஹாலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். தொட்டி வழிந்து, கரண்ட் கசிந்து, குட்டிக்கு ஃபிரிட்ஜில் ஷாக் அடித்த அன்று அவர் கத்தியதை நீ மறக்கவில்லை. "என் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று அவர் கேட்டதற்கு நீ "ஆகலையே" என்றாய். அதை அவர் மறக்கவில்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டாய். தொட்டி என் தலையில் விடிந்தது.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவளுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்? இருந்தாலும் ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்து விளக்கைப் போட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மீன்களை எண்ணுகிறேன். இந்தத் தொட்டி செத்துவிட்டால் நீ இந்த வீட்டுக்குத் திரும்பி வர ஒரு சாக்குகூட மிஞ்சாது. என் பயமெல்லாம் அதுதான். என்ன செய்ய வேண்டும் என்று எழுது. எழுதுகிறபடி அட்சரம் பிசகாமல் செய்கிறேன்.

அக்கா


ஜூன் 5

அக்கா,

வியாழக்கிழமைப் படகு இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். கிரேனுக்குள் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுதுகிறேன். கையெழுத்தைத் திட்டாதே.

ஜோடி சேர்த்தாயா! உனக்கு யாரைப் பார்த்தாலும் கல்யாணம் செய்து வைக்கிற வியாதி. அந்த மஞ்சள் மீன் தன்னைப் போல இன்னொன்றைப் பார்த்தால் ஜோடி என்று நினைக்காது, வீட்டைப் பிடுங்க வந்தவன் என்றுதான் நினைக்கும். நிறமும் வடிவமும் வேறாக இருந்தால் கண்டுகொள்ளாது. ஒரே மாதிரி இருந்தால்தான் வினை. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. அவருக்கு ஒரு மீன் விற்றது.

செய்ய வேண்டியது இது. இரண்டையும் பிடித்து வாளியில் விடு. தொட்டிக்குள் இருக்கும் கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கு. வலது பக்கம் இருந்தது இடது பக்கம் போகட்டும், குகை இருந்த இடம் வெட்டவெளியாகட்டும். பிறகு புதுசை முதலில் விடு, மேனேஜரைக் கடைசியாக விடு. அதற்குத் தன் வீடே அடையாளம் தெரியாது. இரண்டுமே வாடகைக்கு வந்த மாதிரி முழிக்கும்போது சண்டை போட நேரம் இருக்காது.

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்று. காற்றில் போவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயேதான் இருக்கும். நீ உப்புத்தண்ணீர் ஊற்றி ஊறுகாய் போட்டுவிடாதே.

அந்தப் பொத்தான்கள் விஷயம். அதை விட்டுவைத்தால் எல்லாக் கல்லையும் பிடித்துவிடும், பட்டு பட்டினி கிடந்து சாகும். சுரண்டினால் போகாது, ஒரு துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும். அந்தப் பெரிய கல்லை வெளியே எடு. விசேஷத்துக்குச் சமைக்கிற அந்தப் பெரிய பாத்திரத்தில் போட்டு, முங்கத் தண்ணீர் விட்டு, நன்றாகக் கொதிக்க வை. அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கட்டும். ஒன்றும் பிழைக்காது. ஆறியதும் பிரஷ் போட்டுத் தேய்த்துத் திரும்ப வைத்துவிடு.

மாமா என் மேல் கோபமாகவே இருக்கட்டும். என்னை அந்த வீட்டைவிட்டு விரட்ட அவருக்குத் தொட்டி ஒரு சாக்கு, அவ்வளவுதான். படகுக்காரர் கூப்பிடுகிறார். குட்டிக்கு முத்தம்.

தம்பி


ஜூன் 8

அக்கா,

கல்லைக் கொதிக்க வைக்காதே. முதல் வரியே இதுதான். மீதியைப் பிறகு படி. கல்லைத் தொடாதே, வெளியே எடுக்காதே, அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதே.

இன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உன் கடிதத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அக்கா மீனுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள் என்று. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்தப் பொத்தான் கதை வந்தது. கல்லை வேகவைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன். எதிரில் உட்கார்ந்திருந்த முக்குளிப்பவர் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார். இந்த மேடையின் கால்களைத் தண்ணீருக்கடியில் போய்ச் சோதிக்கிறவர் அவர். "என்ன நெறம்னு சொன்னே?" என்று கேட்டார். "பழுப்பு." "ஓரத்துல குஞ்சமா?" "ஆமா." அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் நானும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அதில் சில வகைக்கு உடம்பெல்லாம் விஷமாம் அக்கா. தண்ணீரில் இருக்கும்வரை சும்மா இருக்கும். சூடுபட்டால் ஆவியோடு கிளம்பி மூச்சுக்குள் போகும். அவருக்குத் தெரிந்த ஒருவர் இப்படித்தான் கல்லைச் சட்டியில் போட்டுக் காய்ச்சினார். வீடு முழுக்க, நாய் உட்பட, விழுந்துவிட்டதாம். பிழைத்தார்களா என்று கேட்டேன். "தெரியல, நான் அதுக்குள்ள அந்த ஊரை விட்டு வந்துட்டேன்" என்றார்.

எட்டு வருஷமாக மீன் வளர்க்கிறேன். எனக்கு இது தெரியாது. எல்லாம் தெரிந்தவன் மாதிரி உனக்கு எழுதினேன்.

மேலதிகாரியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி போனை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, உன் கடை பூட்டியிருக்கும். வீட்டுக்குத்தான் அடித்தேன். மாமா எடுத்தார். "மாமா, நான்தான்" என்றேன். "தெரியுது" என்றார், வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். எடுத்தவர் பேசவேயில்லை. "மாமா, மாமா" என்று கத்தினேன், அழுதேன். ரிசீவரைக் கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது, தூரத்தில் குட்டி ஏதோ பாடுவது கேட்டது. அக்காவைக் கூப்பிடு, அக்காவைக் கூப்பிடு என்று கத்திக்கொண்டே இருந்தேன். பிறகு லைன் போய்விட்டது. "குடும்பச் சண்டையெல்லாம் கரையில வச்சுக்க" என்று மேலதிகாரி போனை வாங்கிக்கொண்டார். மாலையில் காற்று தூக்கியதில் ஏரியல் கம்பம் சாய்ந்துவிட்டது. இப்போது யாருக்கும் போன் இல்லை.

இந்தக் கடிதம் வியாழன் வரை இங்கேயே கிடக்கும். கிடக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நீ என்றைக்கு நான் சொன்னதை உடனே செய்திருக்கிறாய்? இந்த ஒரு தடவையும் சோம்பேறியாக இரு, அக்கா.

தம்பி


ஜூன் 9

தம்பி,

நீ கெட்டிக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன். நேற்று உன் கடிதத்தைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு, குட்டியும் நானும் முழங்கை வரை நனைந்து கற்களையெல்லாம் மாற்றி அடுக்கினோம். தண்ணீர் கலங்கி மோர் மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்குக் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கிறது. மேனேஜரைக் கடைசியாக விட்டதும் அது முழித்த முழி இருக்கிறதே, ஆபீஸ் மாறிப்போன குமாஸ்தா மாதிரி இருந்தது. புதுசு அதன் பக்கத்திலேயே போய் நிற்கிறது. ஒரு மோதல் இல்லை. கோமாளிகள் வெளியே வந்துவிட்டன. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. மீனுக்காக அழுத முதல் ஆள் இந்தத் தெருவில் நானாகத்தான் இருப்பேன்.

இனி அந்தக் கல் ஒன்றுதான் பாக்கி. நேற்றே செய்திருப்பேன், பாத்திரம் எதிர்வீட்டுக்காரியிடம் இருக்கிறது. நாளை தருகிறாள். புதன்கிழமை உள்ளூர் விடுமுறை, எனக்குக் கடையும் இல்லை, குட்டிக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. உன் மாமா தன் பூட்டுக் கடைக்குப் போனதும் வைத்துவிடுகிறேன். மழைச்சாரல் அடிப்பதால் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன் என்று ஒரே அடம். கல்லை வேகவைப்பதை அவள் எங்கே பார்க்கப் போகிறாள், பார்க்கட்டும்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. நேற்று நான் தொட்டிக்குள் கையை விட்டிருந்தபோது இரண்டு முறை போன் அடித்தது. உன் மாமா எடுத்தார். யார் என்று கேட்டேன். "தப்பான நம்பர்" என்றார். அதற்குப் பிறகு அவர் முகம் சரியில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இன்று காலையில் என்னைக் கூப்பிட்டு ஏதோ சொல்ல வந்து, சாவியைத் தேடுகிற மாதிரி பாவனை செய்துவிட்டுப் போய்விட்டார். வீட்டில் வேறு ஏதும் கஷ்டமா, கடையில் ஏதாவது ஆகிவிட்டதா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்டால் சொல்லும் ஜாதியா அது?

போகட்டும். பட்டு பிழைத்துக்கொள்வாள். அதை நினைத்தால் தெம்பாக இருக்கிறது.

அக்கா


ஜூன் 12

அக்கா,

படகிலிருந்து கடைசிப் பெட்டியை இறக்கிய பிறகுதான் தபால் பையைப் பிரித்தார்கள். உன் கடிதம். புதன்கிழமை என்று எழுதியிருக்கிறாய். இன்று வியாழன்.

இதை யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அக்கா, நீ படிக்கிறாயா? எதிர்வீட்டு அம்மாவோ வேறு யாராவதோ இதைப் பிரித்தால், உடனே எங்கள் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போங்கள். போவதற்கு முன் ஜன்னலை உடையுங்கள். அடுப்பில் பாத்திரம் இருந்தால் அதன் மேல் குனியாதீர்கள்.

ஜன்னலைச் சாத்திக்கொண்டு என்று எழுதியிருக்கிறாய். குட்டி பக்கத்தில் என்று எழுதியிருக்கிறாய். இந்த இரண்டு வரியும்தான் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. நான் கிரேனில் ஏறிக் கீழே பார்த்தால் கொக்கியில் தொங்குவது எது என்றுகூடத் தெரியவில்லை.

மேலதிகாரியிடம் போய், நான் இந்தப் படகிலேயே போகிறேன், வேலை போனாலும் சரி என்றேன். அவர் கெட்டவரில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தார், தலையைப் பிடித்துக்கொண்டார். "உன்னை விட்டா கிரேனுக்கு ஆள் இல்லைப்பா. கீழ இருக்கிறவனுக்கு அடிபட்டாக்கூடத் தூக்க முடியாது. அடுத்த படகுல மாத்து ஆள் வரவழைக்கிறேன், சத்தியமா" என்றார். நான் ஏறத்தான் போனேன். நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். முக்குளிப்பவர்தான் முதலில் பிடித்தார்.

படகுக்காரர் கையில் வீட்டு நம்பரை எழுதிவிட்டிருக்கிறேன். கரையைத் தொட்டதும் போன் செய்வார். இந்தக் கடிதத்தையும் ஞாயிற்றுக்கிழமையே எழுதி வைத்ததையும் அவரே தபாலில் போடுவார். ஒன்றைப் பிரித்தாலும் போதும்.

மாமா அந்தப் போனை ஒரு நிமிஷம் காதில் வைத்திருந்தால் போதுமே. ஒரே ஒரு நிமிஷம். அவரைத் திட்ட வாய் வருகிறது, ஆனால் கொதிக்க வை என்று எழுதியது என் கை.

தம்பி


ஜூன் 17

தம்பி,

நான் இருக்கிறேன். குட்டி இருக்கிறாள். உன் மாமா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை பாத்திரத்தை ஏற்றினேன். தண்ணீர் கொதித்ததும் ஒரு வாடை, நண்டு கெட்டுப்போன மாதிரி. கடல் கல் அப்படித்தான் நாறும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் நாக்கில் இரும்பை நக்கிய ருசி. தொண்டையில் கரகரப்பு. குட்டி இருமினாள். "வாயில காசு போட்ட மாதிரி இருக்கும்மா" என்றாள். நான் அப்போதும் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். அரை மணி நேரம் கொதிக்கட்டும் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா?

அப்போது உன் மாமா உள்ளே வந்தார். கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். எதற்கு வந்தார் என்று பிறகுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நீ அழுதது மூன்று நாளாக அவர் காதைவிட்டுப் போகவில்லையாம். சாவி அறுக்கும்போதும் அதே குரல்தானாம். "உன் தம்பி போன் பண்ணான். என்னமோ சரியில்ல" என்று சொல்லிவிடத்தான் வந்திருக்கிறார். ஆனால் வந்ததும் அவர் வாயிலிருந்து வந்தது வேறு. "என்ன வேகுது?" என்றார். "கல்லு" என்றேன். "கல்லை வேகவச்சுத் தின்னணும்னு நம்ம தலையில எழுதியிருக்கா?" என்று சிரித்தார். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு.

சிரித்தவர் குட்டி இருமுவதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவளைத் தூக்கி வெளியே விட்டார், என்னையும் தள்ளினார். அடுப்பை அணைத்துவிட்டு, மூடியைத் தேடாமல், அந்தப் பாத்திரத்தை ஒண்டியாளாகத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். அது தளும்பித் தளும்பி அவர் நெஞ்சில் கொட்டியது. ஆவி முழுக்க முகத்தில். பின்பக்கச் சுவரோரம் வைத்து, அங்கே கிடந்த தகரத்தைப் போட்டு மூடி, மேலே செங்கல்லை ஏற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சாயங்காலத்துக்குள் மூன்று பேருக்கும் குளிர் நடுக்கம். அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், "வீட்ல என்ன பண்ணீங்க, எதாவது மருந்து அடிச்சீங்களா, எதாவது கொளுத்துனீங்களா?" என்று கேட்டார். தம்பி, கல்லை வேகவைத்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பைத்தியம் என்று நினைப்பார்களே என்று, சமையல் செய்துகொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் நிமோனியா என்று ஊசி போட்டார்கள். இரண்டு நாள் அவர் நீலமாகிக்கொண்டே வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. இதை நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

புதன் சாயங்காலத்திலிருந்து வீட்டில் போனை எடுக்கவே ஆளில்லை. சனிக்கிழமை துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கதவிடுக்கில் உன் இரண்டு கடிதமும் கிடந்தன. முதல் வரியை நின்றபடியே படித்தேன், பிறகு ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. டாக்டர் உன் கடிதத்தை இரண்டு முறை படித்தார், இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். முறிமருந்து எதுவும் கிடையாதாம். ஆனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது என்றார்கள். இதயத்துக்கு ஒயர் மாட்டினார்கள். நேற்றிலிருந்து மாஸ்க்கை எடுத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசுகிறார். எனக்கும் குட்டிக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது.

பட்டுவைக் காணோம். தொட்டியை யாரும் கவனிக்கவில்லை. செத்திருந்தால் கல்லிடுக்கில் இருக்கும் நண்டுகள் தின்றிருக்கும்.

உன் கடிதம் வந்தால் இனிமேல் பிரிக்கப் பயமாக இருக்கும் எனக்கு. கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே பயமாக இருக்கும்.

அந்தப் பாத்திரம் பின்பக்கம் அப்படியே இருக்கிறது. குப்பை எடுக்கிறவர்கள் விஷயத்தைக் கேட்டதும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மீன் கடைக்காரர் என்னைக் கண்டாலே கடையை மூடிக்கொள்கிறார். நீ வா.

அக்கா


ஜூன் 19

அக்கா,

நீ உயிரோடு இருக்கிறாய். கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குட்டி இருக்கிறாள் என்று எழுதியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

மீனைப் பற்றி இனி எனக்கு எழுதாதே. எல்லாம் சாகட்டும்.

மாற்று ஆள் இந்தப் படகில் வந்துவிட்டான். மேலதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். என் பெட்டி கட்டி நேற்றிலிருந்தே தயாராக இருக்கிறது. ஆனால் நான் ஏறவில்லை அக்கா. ஒரு காலைப் படகில் வைத்தேன், எடுத்துவிட்டேன். போன வாரம் என்னைப் பிடித்து நிறுத்த நான்கு பேர் வேண்டியிருந்தது. இந்த வாரம் யாரும் பிடிக்கவில்லை, நானே நின்றுவிட்டேன்.

பயமாக இருக்கிறது. விஷத்துக்கு இல்லை. மாமா அந்தப் படுக்கையிலிருந்து என்னைத் திரும்பிப் பார்ப்பாரே, அதற்கு. அவர் திட்டினால் தாங்குவேன். அவர் "தெரியுது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் எங்கே போவது? அவர் பிள்ளைக்கு ஷாக் அடித்தபோது ஆகலையே என்றவன் நான். இப்போது ஆகிவிட்டது. அந்தக் கதவுக்குள் நான் எந்த முகத்தோடு வருவேன்?

படகில் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி, முக்குளிப்பவர் கொடுத்த மூச்சு முகமூடி. அவர் சொன்னது இதுதான், நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை: பாத்திரத்தைச் சூடாக்கக் கூடாது, காய விடக் கூடாது, சுரண்டக் கூடாது. ப்ளீச்சிங் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, பிறகு தடிமனான பைக்குள் கட்டிப் புதைக்க வேண்டும். தெரிந்த ஆள் யாரையாவது வைத்துச் செய்துகொள். நீ செய்யாதே. குட்டியை அந்தப் பக்கம் விடாதே.

நான் அடுத்த மாதம் வருகிறேன். இல்லை, அதற்கடுத்த மாதம். எப்போது என்று எழுதத் தெரியவில்லை.

தம்பி


ஜூன் 23

தம்பி,

பை வந்தது. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நீ வருவாய் என்று சனிக்கிழமை பேருந்து நிலையத்தில் குட்டியோடு நின்றேன். அவள் இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்து, "மாமா இல்ல, மாமா இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்திய அந்த நிமிஷத்தில் உன்னை நான் அடித்திருப்பேன்.

சனிக்கிழமையே உன் மாமாவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. வாளி தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். படுத்திருக்கிறாரா? கிடையாது. பின்வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தப் பாத்திரத்துக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறார். பூனை வந்தால் குச்சியால் விரட்டுகிறார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் பந்து எடுக்க வந்தால் இவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கிறது. மழை வந்தால் குடையை விரித்துத் தன் தலைக்குப் பிடிக்காமல் பாத்திரத்துக்குப் பிடிக்கப் போகிறார். செங்கல் நகர்ந்து மூடிக்குள் தண்ணீர் இறங்கினால் நிரம்பி வழிந்துவிடும், அந்தத் தண்ணீர் தெருவுக்குத்தானே போகும் என்கிறார். வானம் மூடிக்கொண்டு நிற்கிறது. நான் சமையலறையில் நின்று அவர் முதுகையும் வானத்தையும் மாறி மாறிப் பார்க்கிறேன்.

நீ ஏறாமல் நின்றதை எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். மறைக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்து என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டேன். மெதுவாகப் படித்தார். இடையில் இருமல் வந்தது, நிறுத்தி மறுபடி படித்தார். படித்து முடித்ததும் அவர் பேசுவார் என்று காத்திருந்தேன். நல்லதோ கெட்டதோ ஏதாவது சொல்லட்டும் என்று இருந்தது. அவர் கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"நாளைக்கு ஆள் யாரையாவது கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். "வெளி ஆள் எதுக்கு? விஷயம் தெரியாதவன் தொட்டா அவனும் போவான்" என்றார். "அப்ப நீங்க தொடப்போறீங்களா?" என்று கத்தினேன். நான் கத்தியதற்கு அவர் கோபப்படவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமும் பிடி வச்ச பாத்திரம் அது. ஒரு ஆள் தூக்குனா தளும்பும். நான் தூக்கிப் பாத்துட்டேன்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு பக்கம் அவன் பிடிக்கட்டும்."

மறுபக்கம் யார் பிடிப்பது என்று நான் கேட்கவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார், இப்போதே தூக்கப்போகிற மாதிரி. நீ வராவிட்டால் இந்த மனிதர் தனியாகவே மறுபடி தூக்குவார், எனக்குத் தெரியும். அவரைத் தடுக்க என்னிடம் நான்கு பேர் இல்லை.

வியாழக்கிழமை படகு வரும். இந்த முறை ஏறு.

அக்கா